சின்ன எழுத்தில் நீ எழுதி வைத்தது

என் பிரியமுள்ள தம்பி செல்லத்துரைக்கு,

மேலகரத்திலிருந்து உன் அண்ணாச்சி மாடசாமி எழுதுகிறேன். நானேதான் எழுதுகிறேன், தம்பி. யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் ஆகிறது. விரல் வலிக்கிறது, கண்ணில் நீர் வடிகிறது. ஆனாலும் எழுதி முடித்த வரியைத் திரும்ப வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. இவ்வளவு நாள் எங்கே இருந்தேன் நான்?

நீ போய் மூன்று குற்றால சீசன் முடிந்துவிட்டது. காலையில் ஒரு கல்லூரி, மதியம் இன்னொரு கல்லூரி, இரண்டிலும் கௌரவ விரிவுரையாளர். இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸிலேயே உன் மூச்சு நின்றுபோனது. வாத்தியார் அசந்து தூங்குகிறார் என்று கண்டக்டர் எழுப்பாமல் விட்டுவிட்டாராம். நீ அவ்வளவு களைத்துத்தான் இருந்தாய்.

அதற்குப் பிறகுதான் இங்கே பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு தொடங்கினார்கள். எழுபத்தொரு வயதில் போய் உட்கார்ந்தேன். முதன்முதலில் நானாக வாசித்தது பஸ் போர்டு: 'பழைய குற்றாலம்'. வாசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. அதனால் என்ன, வாசித்துவிட்டேனே.

நீ முதன்முதலில் என் பலகையில் குப்புறப் படுத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நாற்பது வருஷம் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்தவன் நான். பின்கழுத்தில் நெல்லிக்காய் அளவு ஒரு முடிச்சு தட்டுப்பட்டால் ஆராய்ச்சி செய்கிற பிள்ளை என்று கண்டுகொள்வேன். உனக்கு இரண்டு முடிச்சு.

"என்ன சார், கழுத்து இப்படி இறுகிக் கெடக்கு?"

"சார்னு கூப்பிட்டா எந்திரிச்சுப் போயிருவேன் அண்ணாச்சி. மூணு வருசமா அலையுதேன். தொழில்பாட்டு கொண்டா, தொழில்பாட்டு கொண்டான்னு கைடு ஏசுதாரு. எண்ணெய் தேய்க்கும்போது நீங்க ஒண்ணும் பாட மாட்டீங்களா?"

நாங்கள் பாடுவதில்லை. எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்போம். அவ்வளவுதான். ஆனால் என் கைக்குக் கீழே உன் முதுகு லேசாகக் குலுங்கியது. அழுகிறாய் என்று தெரிந்தது. நான் என்ன செய்வேன்?

"இருக்குலே தம்பி. எங்க தாத்தா காலத்துப் பாட்டு" என்றேன்.

*இறங்கு வலியே இறங்கு*
*இடுப்பைத் தாண்டி இறங்கு*
*ஆத்துத் தண்ணி போற வழி*
*நீயும் கூடப் போயிரு.*

வாயில் வந்ததைப் பாடினேன். நீ எண்ணெய் சொட்டச் சொட்ட எழுந்து டேப் ரெக்கார்டரைத் தேடி ஓடினாய். பிறகு கைநாட்டு வைக்கச் சொல்லி ஒரு தாளை நீட்டினாய். என் பெருவிரலில் இருந்த எண்ணெயில் மை ஒட்டவே இல்லை. மூன்று தடவை உருட்டியும் ஒரு கறைதான் விழுந்தது.

ஆய்வேட்டை முடித்து ஒரு பிரதி கொண்டுவந்து தந்தாய். "அண்ணாச்சி, உங்க பாட்டுக்குன்னு ரெண்டு பக்கம் இருக்கு" என்றாய். எனக்கு நெஞ்சுக்குள் குத்தியது. பாலித்தீன் பையில் சுற்றிப் பரண்மேல் வைத்தேன். பிறகு ஒவ்வொரு சீசனிலும் நீ வந்து படுப்பாய், "பாட்டைப் பாடுங்க அண்ணாச்சி" என்பாய். பாடுவேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

உன்னை வாசித்துவிட்டு மற்றவர்கள் வரத் தொடங்கினார்கள். போன மாதமும் தென்காசியில் ஏதோ கருத்தரங்கம் முடிந்து மூன்று பேர் வந்தார்கள். அருவியில் நூல்போலத்தான் தண்ணீர். குளிக்க வழியில்லாமல் என் பலகைக்கு வந்தார்கள். குப்புறப் படுத்தால் மனிதர்கள் மனதில் இருப்பதைப் பேசுவார்கள்.

"ஏல, உனக்கு வைவா பரீட்சை எப்பம்?"

"கைடு மக கல்யாணம் முடியணும். பந்தல்காரனைப் பாக்கக்கூட என்னையத்தான் அனுப்புதாரு."

"நீ குடுத்து வச்சவன். நான் அவரு கட்டுரைக்கு மூணு மாசமா புரூப் பாக்கேன்."

"காலைல ஒருத்தர் வாசிச்சாரே கட்டுரை, கேட்டியா?"

"யாருக்குவே நேரம்? முன்னுரையும் முடிவுரையும் பாத்தா போதும். வேலைக்கு எத்தனை கட்டுரைன்னுதான் கேக்கான், எதுக்குன்னு எவன் கேக்கான்?"

மூன்று பேருக்கும் சிரிப்பு. மூன்று கழுத்திலும் முடிச்சு. எனக்கு உன் ஞாபகம்.

அடுத்த வாரம் ஷாஹிதா வீட்டுக்கு வந்தாள். வடகரைப் பிள்ளை, அவள் வாப்பா சவுதியில் இருக்கிறார். என் பாட்டையும் சேர்த்து ஐந்து வருஷமாக ஆராய்ச்சி செய்கிறாள்.

"தாத்தா, தீசிஸ் குடுக்கப் போறேன். இதுல ஒரு கைநாட்டு வையுங்க."

"கைநாட்டு எதுக்கு தாயி? கையெழுத்தே போடுதேன். வாசிச்சிட்டுப் போடுதேன்."

"ஆத்தாடி! வாசிப்பீங்களா?" என்று கை தட்டினாள். அவள் டீ ஆறும் வரை வாசித்தேன். 'இப்பாடல் எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பாடப்பட்டு வருகிறது என உறுதியளிக்கிறேன்.'

தம்பி, பிறர் நீட்டிய தாளில் நான் முதன்முதலாக என் பெயரை எழுதப்போகிறேன். இதன் கீழேயா எழுதுவது? அன்றைக்குப் பெருவிரல் வைத்தவனுக்குத் தாளில் என்ன இருக்கிறது என்று தெரியாது. இன்றைக்குத் தெரிகிறதே.

"தாயி, இது எங்க தாத்தா பாட்டு இல்ல. நான் அன்னைக்கு வாய்க்கு வந்ததைக் கட்டிப் பாடினேன்."

"வெளாடாதீங்க தாத்தா. செல்லத்துரை சாரே எழுதியிருக்காங்க. அவங்களை மேற்கோள் காட்டி அஞ்சு பேரு எழுதியிருக்காங்க. என் மூணாவது இயலே இதுமேலதான் நிக்கு."

"பொய்யி என்னோடது தாயி."

அவள் தாளை எடுத்து மடித்தாள். "அப்ப சார் ஏமாந்துட்டாங்களா?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குடையைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

ஒரு பிள்ளையின் ஐந்து வருஷத்தை உடைத்தேன். உன் பெயரையும் கெடுத்தேன். என்னதான் எழுதியிருந்தாய் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஆய்வேட்டை இறக்கினேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம்கூட ஓடவில்லை. எவ்வளவு நீளமான வாக்கியங்கள் எழுதியிருக்கிறாய்! பாதி புரியவில்லை. பக்கத்தின் அடியில், கோட்டுக்குக் கீழே இருந்த பொடி எழுத்தை நான் தொடவே இல்லை. கல்யாணப் பத்திரிகையில் அச்சகத்தின் பெயர் போடுவார்களே, அதுபோல என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்டு இருந்த பக்கம் ஒருவழியாக வந்தது. 'மூன்று தலைமுறையாக வழங்குவதாகத் தகவலாளி கூறுகிறார்' என்று எழுதியிருந்தாய். அதன் தோளில் எறும்புபோல ஒரு பன்னிரண்டு உட்கார்ந்திருந்தது. கோட்டுக்குக் கீழே பார்த்தேன். அங்கேயும் ஒரு பன்னிரண்டு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தேன்.

'அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கும் மற்றவர்களிடமும் கேட்டேன். எவரும் இப்பாடலை அறியவில்லை. என் சோர்வைக் கண்டு இவர் அன்றே கட்டிப் பாடியிருக்கலாம். அப்படியாயின் பாடல் இவருடையது. இவர் பெயராலேயே வழங்க வேண்டும்.'

நான்கு தடவை வாசித்தேன்.

உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு சீசனிலும் பாடச் சொன்னாயா? பலகையில் கவிழ்ந்த உன் முகம் அப்போது சிரித்ததா? ஏன் தம்பி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை? கேட்டால் நான் பாடாமல் இருந்துவிடுவேன் என்றா?

ஷாஹிதாவுக்குப் போன் போட்டேன். வந்து வாசித்தவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அஞ்சு வருசமா இந்தப் பக்கத்தைத்தான் காட்டிக்கிட்டு இருக்கேன் தாத்தா. கீழ பாக்கலையே. எழுதுன அஞ்சு பேருமே பாக்கலையே!" சிரித்தாள், கண்ணையும் துடைத்தாள்.

"கைடு என்ன சொல்லுவாரு தாயி?"

"கத்துவாரு. ஆறு மாசம் தள்ளிப் போவும். இன்னும் முடியலையான்னு வாப்பா போன்ல கேப்பாங்க." சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "களைப்பா இருக்கு தாத்தா. ஆனா தெரிஞ்சும் அப்படியே குடுக்க முடியாதுல்லா?"

பழைய தாளைக் கிழித்தாள். புதிய தாளில், 'இப்பாடலை நானே கட்டினேன்' என்று எழுதி என் பக்கம் நகர்த்தினாள். நாலே எழுத்து, என் பெயர். நான் எழுதி முடிக்கும் வரை அவள் கடிகாரத்தைப் பார்க்காமல் காத்திருந்தாள்.

இனி யார் வந்து கேட்டாலும் முதலில் உண்மையைச் சொல்வேன், பிறகுதான் பாடுவேன். உன் ஆய்வேட்டில் கோட்டுக்குக் கீழே இருப்பதை ஒன்று விடாமல் வாசிப்பேன். முந்நூறுக்கு மேல் இருக்கும்போலத் தெரிகிறது. முதல் பன்னிரண்டு முடிந்தது. இன்றைக்குப் பதின்மூன்று.

பாட்டைக் கட்டிய உன் அண்ணாச்சி,
மாடசாமி