தெருவில் கரண்ட் போனால்

செவ்வாய், ஐப்பசி.

ஆம்பூரில் எங்கள் நெட் கம்பெனி எங்கள் தெருவுக்கு ஃபைபர் இழுக்க எந்த முறை என்று இன்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. கம்பங்களில், வீடுகளுக்கு நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்ச் பெட்டி வைத்தால் ரிப்பேர் சுலபம் என்றான் கூட்டாளி ரஃபீக். நானும் தலையாட்டினேன்.

கனெக்‌ஷன் கேட்டு வந்திருந்த நர்ஸ் மெர்சி அக்கா, "தெருவுல கரண்ட் போனா நெட்டும் போய்டுமா தம்பி?" என்றார்.

"பெட்டிக்குக் கரண்ட் வேணும்கா. வீட்ல இன்வெர்ட்டர் இருந்தாலும் நெட் போய்டும்," என்றான் ரஃபீக்.

மெர்சி அக்கா கையிலிருந்த போனைப் பார்த்தபடி சொன்னார்:

"போன வருஷம் டூட்டியில இருந்து அப்பாவ வீடியோ கால்ல பாத்துட்டிருந்தேன். இன்னாவோ சொல்ல வாயத் தொறந்தாரு. தெருவுல கரண்ட் போச்சு, படம் அப்டியே நின்னுடுச்சு. நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள அவரு இல்ல."

ரஃபீக் என்னைப் பார்த்தான். "ஸ்ப்ளிட்டரே போட்டுடலாம் தோஸ்த்." அது ஃபைபரில் வரும் ஒளியை அப்படியே பிரித்து அனுப்பும்; தெருவில் கரண்டே வேண்டாம். எங்கள் ஆபீஸிலும் வீட்டிலும் பேட்டரி இருந்தால் போதும். பழுதைக் கண்டுபிடிப்பதுதான் பேஜார். பரவாயில்லை என்றேன்.

கிளம்பும்போது மெர்சி அக்கா கேட்டார்: "இனிமே நிக்காதுல்ல?"

"நிக்காதுக்கா."

வீட்டில் ஒரு கேமராவும் வைக்கச் சொன்னார், டூட்டியிலிருந்து பார்த்தால் அப்பாவின் கட்டில் தெரிகிற மாதிரி. சரி என்றுவிட்டேன். அந்த வீட்டில் இப்போது அக்காவைத் தவிர யாருமில்லை.