பெட்டிக்குக் கழிவு இல்லை

கடலூர் முதுநகர்,
ஞாயிறு மாலை.

அன்பான அனு அக்காவுக்கு,

வெண்மதி எழுதுகிறேன். நான் இங்கே சுகம். உனக்குக் கால் வீக்கம் குறைந்ததா? பிரசவத்துக்கு அங்கே வந்திருக்கும் அம்மா வைத்த ரசம் வாய்க்குப் பிடித்தது என்று போனில் சொன்னாயே, அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அதே போனில், "இந்தப் பனியில அம்மாவ ஒரு சுவெட்டர்கூட இல்லாம அனுப்பியிருக்கியேடி, அவரோட பிரெண்டுங்க முன்னாடி எனக்கு எப்படி இருந்திச்சி தெரியுமா" என்று கேட்டாய். மறந்துவிட்டேன் என்றேன். மறக்கவில்லை அக்கா. போனில் எனக்குப் பேச்சு வராது, உனக்கே தெரியும். உன்னோடு சிதம்பரத்தில் படித்த இலக்கியா அக்கா அடுத்த வாரம் அங்கே வருகிறார். அவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

மாமா அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மனப்பாடம் ஆகும்வரை கேட்டேன். அவர் சேர்த்துவைத்த பாயின்ட்டில் எடுத்த டிக்கெட். டிக்கெட் ஒன்றுதான், ஆனால் மூன்று கம்பெனி விமானம். முதல் இரண்டிலும் இரண்டு பெட்டி விடுவார்கள், கடைசியில் ஏறும் சின்ன விமானத்தில் ஒன்றுதான் விடுவார்கள். அந்தச் சின்ன விமானத்துக்கு மாறும் ஊரில் அம்மா பாஷை தெரியாமல் பெட்டியோடு நிற்கக் கூடாது, அதனால் இங்கேயே ஒரே பெட்டியாகக் கட்டுங்கள், இருபத்து மூன்று கிலோ என்று சொல்லியிருந்தார்.

சிதம்பரத்து அத்தை மகன் வீட்டுக்கு, மாமாவுக்கும் உனக்கும் என்று வெண்கல விளக்கும் பலகாரமும் கொண்டுவந்து தந்தார். "அவன் சொன்னது உனக்குப் புரிஞ்சிதாம்மா, இல்ல படிச்சவங்க யாரையாவது கேக்கட்டுமா" என்று என்னைக் கேட்டார். புரிந்தது அத்தை என்றேன். ஒன்பதாவதோடு நின்றவள்தானே என்று அவர் நினைக்கக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு.

பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிப் பண்ருட்டிக்குக் கொண்டுபோய், நாங்கள் வேலை செய்யும் முந்திரி மண்டித் தராசில் வைத்தோம். மண்டியில் மூட்டையை நிறுத்தால் சாக்கின் எடையைக் கழித்துத்தான் சொல்வார்கள். அங்கே எடை போடும் கொளஞ்சியப்பன் மாமா பெட்டிக்கும் அதே மாதிரி கழித்தார். "பொட்டியையா திங்கப் போறாங்க, உள்ள இருக்கிறதுதான் கணக்கு" என்றார். சரியாக இருபத்து மூன்று வந்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், மண்டியில் இருந்த எல்லோருக்கும் டீ சொன்னாள். விமானக்காரர்கள் பெட்டியையும் சேர்த்து நிறுப்பார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சென்னை ஏர்போர்ட்டுக்கு அத்தையின் காரில்தான் போனோம். டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடவில்லை. அம்மா தனியாகப் போய், கொஞ்ச நேரத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலுக்கே திரும்பி வந்தாள். எடை கூடுதல், எடுத்துவிட்டு வா என்று சொல்லிவிட்டார்களாம். தடுப்புக் கம்பி ஓரமாகத் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். உனக்குப் பால் ஊற வேண்டும் என்று துறைமுகத்தில் தேடி வாங்கிய பால்சுறாக் கருவாடு. எத்தனை கவரில் சுற்றியும் வாடை அடித்தது. வரிசையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். "ஊரையே மூட்ட கட்டிகினு கிளம்பிடுறாங்கப்பா" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

நான் கம்பிக்கு இந்தப் பக்கம், அத்தையின் கைப்பையை வாங்கிப் பிடித்துக்கொண்டு, அவர் வீட்டுப் பெண் மாதிரி நின்றேன்.

எதை எடுக்கட்டும் என்று அம்மா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அந்த விளக்கை எடுத்தால் போதும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "பாத்து எடுங்க சம்மந்தி, விளக்கு அடியில இருக்கு" என்றார் அத்தை. நான் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

அம்மா தன் சுவெட்டர், போர்வை, இரண்டு தவிர மற்ற புடவைகள் எல்லாவற்றையும் எடுத்துக் கம்பிக்கு மேலே நீட்டினாள். கருவாட்டையும் லேகியத்தையும், பிள்ளையை முதலில் சுற்றுவதற்கு வைத்திருந்த அப்பாவின் பழைய வேட்டியையும் தொடவில்லை. "எனக்கு எதுக்குடி இதெல்லாம், அங்க வூடு பூரா சூடு போட்டு வச்சிருப்பாங்களாமே" என்று அத்தைக்குக் கேட்கும்படி சிரித்தாள்.

நீ குரூப்பில் போட்ட விளக்குப் படம் பார்த்தேன். பளபளவென்று இருக்கிறது. அத்தை எல்லோரிடமும் காட்டுகிறார். அவரிடம் இதைப் பற்றி எதுவும் கேட்டுவிடாதே அக்கா. எடுக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. எடுங்கள் என்று சொல்ல எனக்குத்தான் வாய் இல்லை.

இலக்கியா அக்கா கைப்பையில் கொஞ்சம் இடம் தருகிறேன் என்றார். சுவெட்டரைத் துவைத்துக் காயவைத்து வைத்திருக்கிறேன். நிறுத்தும் பார்த்துவிட்டேன், பையோடு சேர்த்தே. போர்வைக்கு இடமில்லை. அம்மா குளிரவில்லை என்றுதான் சொல்வாள், நம்பாதே. வற்புறுத்திப் போட்டுவிடு. மாமாவின் நண்பர்கள் வந்தால் அவளை உள் அறைக்கு அனுப்பிவிடாதே.

நீ வீடியோ காலில் வரும்போதெல்லாம், "எங்கடி, மூஞ்சக் காட்டு" என்று அம்மா பின்னாலிருந்து கேட்கிறாள். நான் போனைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுகிறேன். திருவந்திபுரத்துப் பெருமாள் புண்ணியத்தில் உனக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும். பிள்ளை பிறந்ததும் அப்பாவின் வேட்டியில் சுற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டு எனக்குக் கால் பண்ணு. என்னை ஒரு தடவை பார்க்கச் சொல். குனியாமல் இருக்கப் பார்க்கிறேன்.

உன் தங்கை,
வெண்மதி