இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

மூன்றாவது பதிப்பகமும் கையை விரித்துவிட்டது. எட்டு மாதம் வைத்திருந்துவிட்டு இரண்டே வரி: 'எழுத்து நன்றாக இருக்கிறது. எங்கள் பட்டியலுக்குப் பொருந்தவில்லை.' ஏழு மணி டிரைவிங் வகுப்புக்குப் பல் டாக்டரம்மா வருவதற்குள் காரில் உட்கார்ந்தே அதை நாலு தடவை படித்தேன். நன்றாக இருக்கிறதாம், பொருந்தவில்லையாம். சட்டை நல்லாத்தான் இருக்கு, உனக்குத்தான் நல்லா இல்லைங்கிற மாதிரி.

வகுப்பு முழுக்க எரிச்சல். அந்த அம்மா கிளட்சிலிருந்து காலை எடுப்பதற்குள் நாலு பல் பிடுங்கிவிடலாம். வாய் சும்மா இருக்காமல் அதைச் சொல்லியும் விட்டேன். "ஒருநாள் என் நாற்காலியில வாயைத் திறந்துட்டு உக்காருவீங்கல்ல சார், அப்பப் பேசிக்கிறேன்" என்றார்.

வீட்டில் மனைவியிடம் போனை நீட்டினேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "மூணு பேர்கிட்ட நல்லா இருக்குன்னு எழுதி வாங்கியாச்சு. போதும். நாமளே போட்டுடலாம்."

நாற்பத்தாறு வயது டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் தானே நாவல் எழுதி, தானே அச்சடித்து... கேட்கவே எப்படி இருக்கிறது?

மார்ச் 5, வியாழன்

போடுவது என்று முடிவு.

மார்ச் 7, சனி

நாலு வருடமாக ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவில், ஸ்டியரிங்கில் நோட்டைச் சாய்த்து வைத்து எழுதியது இது. விடியற்காலையில் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து, முந்தின நாள் எழுதியதைத் தட்டச்சு செய்வேன். என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. கதையில் ஒன்றை மாற்றி எழுதும்போதெல்லாம், உண்மையில் நடந்ததை அதற்குப் பக்கத்திலேயே சதுர அடைப்புக்குள் எழுதி வைப்பேன். இல்லையென்றால் பொய்யை எங்கே தொடங்கினேன் என்று எனக்கே மறந்துவிடும்.

கதையில் அண்ணன் தம்பி. அடைப்புக்குள் நானும் அக்காவும்.

இன்று முழுக்க உட்கார்ந்து எல்லா அடைப்புகளையும் நீக்கிச் சுத்தமான பிரதி ஒன்று தயார் செய்தேன். நூற்று முப்பது இருந்தன. அம்மா இறந்த அத்தியாயத்தில் மட்டும் பத்தொன்பது. நீக்க நீக்க உடம்பு லேசான மாதிரிதான் இருந்தது.

மார்ச் 9, திங்கள்

அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறவள். மறைத்தால் விடமாட்டாள்.

"திரையில படிச்சா தப்பு கண்ணுக்குப் படாதுடா. முதல் பிரதி வந்ததும் தாள்ல எனக்கு ஒண்ணு அனுப்பச் சொல்லு. நான் பாக்காம அச்சுக்குப் போகக் கூடாது."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கல்யாணத்துக்கு முன் என் மனைவிக்கு நான் எழுதிய கடிதத்தையே சிவப்பு மையில் திருத்தித் தந்தவள் அவள். 'நீ இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை' என்ற வரியை முதலில் அடித்திருந்தாள். பிறகு மனசு கேட்காமல் அடியில் வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதியிருந்தாள். அடித்ததை அடிக்காததாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு அவர்கள் தொழிலில் அதுதான் குறி. அவள் அதைப் போடுவது அபூர்வம். அடித்தால் அடித்ததுதான்.

சுத்தமான பிரதிதானே, படிக்கட்டும். அண்ணன் தம்பி கதை. அவளுக்கு ஒன்றும் தெரியாது.

மார்ச் 12, வியாழன்

பக்கம் வடிவமைப்பவரைப் பார்த்தேன். மாடியில் ஒரே அறை, இரண்டு கணினி, தரை முழுக்க அட்டை மாதிரிகள். "கோப்பு இருக்கிற ஃபோல்டரை அப்படியே அனுப்பிடுங்க, நான் எடுத்துக்கிறேன். இருபத்தேழாம் தேதிக்குள்ள ஓகே சொல்லிடணும். அப்புறம் பள்ளிக்கூட நோட்டு வேலை வந்துடும், ரெண்டு மாசத்துக்கு மிஷின் கிடைக்காது." அனுப்பிவிட்டேன்.

மார்ச் 18, புதன்

முதல் பிரதிகள் பார்சலில் வந்தன. ஒன்று எனக்கு, ஒன்று நேராக அக்கா வீட்டுக்கு. அட்டையில் என் பெயரைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றேன். மனைவி சிரித்தாள். நடுவில் ஒரு இடத்தைப் பிரித்தேன்.

பக்கம் 212. சதுர அடைப்பு.

'[அம்மா மூச்சு விட முடியலைன்னு எனக்குப் போன் செய்தாள். நான் நாலு மணி நேரத் தொலைவில். அக்கா பக்கத்துத் தெருவில், அச்சகத்தில். ஒன்பது தடவை அடித்தேன். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அம்மா இருந்திருப்பாள். அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இது புத்தகத்தில் வரக் கூடாது.]'

அச்சில். என் கையெழுத்தில் இல்லை, அச்சில்.

வடிவமைப்பவருக்கு அடித்தேன். "ரெண்டு கோப்பு இருந்துச்சு சார். கடைசியாத் திருத்தினது எதுவோ அதைத்தான எடுக்கணும்? அடைப்பெல்லாம் இந்தக் காலத்து எழுத்து போலன்னு நெனச்சேன்." எட்டாம் தேதி ஒன்பதாவது அத்தியாயத்தில் ஒரு வரியைத் திருத்தியது ஞாபகம் வந்தது. கைப்பழக்கத்தில் பழைய கோப்பைத் திறந்து திருத்தியிருக்கிறேன். அவர் மேல் தப்பில்லை. எல்லாம் நான் செய்த கூத்து.

அக்கா வீட்டுக்கும் காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டதாம்.

என்ன பண்ணித் தொலைச்சிருக்கேன் நான்.

மார்ச் 19, வியாழன்

அக்காவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மதியம் நாலு தடவை, சாயங்காலம் நாலு தடவை. ஒன்பதாவதுக்கு விரல் போகவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

காலையில் பெரிய விபத்து நடந்திருக்கும். டாக்டரம்மா திருப்பத்தில் வேகத்தைக் குறைக்கவில்லை. எதிரே தள்ளுவண்டி. என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, அதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் 212-ஆம் பக்கத்தில் இருந்தேன். அந்த அம்மாவே மிதித்து நிறுத்தினார். வண்டிக்காரர் திட்டித் தீர்த்துவிட்டுப் போனார்.

"சார், இன்னிக்கு லைசென்ஸ் எடுக்கப் போறது நீங்களா நானா?" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டுல ஏதாச்சுமா?" என்று மெதுவாகக் கேட்டார். ஒரு நாவல் எழுதியதாகச் சொன்னேன். அதற்கு ஏன் பிரேக்கை மறந்தேன் என்று அவருக்குப் புரிந்திருக்காது.

மார்ச் 21, சனி

அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான்தான் கதவைத் திறந்தார். உள்ளே கூப்பிடுவதா வேண்டாமா என்று அவருக்கே குழப்பம்.

"ரூமைச் சாத்திட்டு உக்காந்திருக்கா மாப்ளே. சாப்பாட்டைக் கூட அங்கயே கேக்குறா. நீ வந்தா என்ன சொல்லணும்னு கேட்டேன். வேலை முடியலன்னு சொல்லச் சொன்னா."

"கோவமா இருக்காளா அத்தான்?"

"கோவமா இருந்தா கத்துவா. இப்ப சத்தமே இல்ல. அதான் பயமா இருக்கு."

மூடின கதவுக்கு முன்னால் நின்று, "அக்கா" என்றேன். பேனா வைக்கும் சத்தம் கேட்டது. பத்து நிமிடம் நின்றிருப்பேன். திரும்பி வந்துவிட்டேன்.

அவர்கள் அச்சகத்தில் கேள்வித்தாள் அச்சாகும் நாட்களில் எல்லோருடைய போனையும் வாங்கி டிராயரில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அன்றும் கேள்வித்தாள் வேலைதான். சாவு வீட்டிலேயே சொன்னாள். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பத்து வருஷமா மனசுக்குள்ள அவளைக் குற்றவாளிக் கூண்டுல நிக்க வச்சிருக்கேன். அவள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், அவள் பெண் கல்யாணத்தில் ஓடியாடி வேலை செய்திருக்கிறேன். எல்லாம் செய்துகொண்டே.

மார்ச் 22, ஞாயிறு

அம்மாவின் பக்கத்து வீட்டு நம்பர் என் போனிலும் இருந்தது. அன்று அவர்களுக்கு அடிக்க எனக்குத் தோன்றவில்லை. அதை நான் அடைப்புக்குள்கூட எழுதவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

மனைவியிடம் புத்தகமே வேண்டாம் என்றேன். எரித்துவிடலாம் என்றேன். "எரிச்சா அக்கா படிச்சது அழிஞ்சுடுமா?" என்று கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். வடிவமைப்பவர் இரண்டு தடவை போன் செய்தார். எடுக்கவில்லை. நானும் எடுக்காதவன் ஆகிவிட்டேன்.

மார்ச் 26, வியாழன்

அத்தான் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தார். உட்காரவில்லை. "ஒரு வார்த்தை சொல்லல மாப்ளே. கொண்டுபோய்க் குடுன்னா, அவ்வளவுதான்."

காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். 212-க்கு நேரே போகத் தைரியம் இல்லை. எல்லாப் பக்கத்திலும் சிவப்பு மை. அவளுடைய அதே பொடி எழுத்து. 31-இல் 'செவ்வாய்க்கிழமை என்றீர்கள், 29-இல் திங்கள்' என்று குறிப்பு. யாரோ முகம் தெரியாத எழுத்தாளனுக்கு எழுதுவதுபோல 'என்றீர்கள்'. அடைப்புகளை ஒவ்வொன்றாக, ஒழுங்காக, ஒரே கோட்டில் அடித்து 'நீக்குக' என்று போட்டிருந்தாள். அவளைப் பற்றியதையும் அப்படியே. கோபம் தெரியவில்லை, கோடு எங்கும் ஆடவில்லை.

212.

'ஒன்பது தடவை' என்பதைச் சுற்றி வட்டம். ஓரத்தில்: 'எண்ணிக்கை பிழை. டிராயரைத் திறந்தபோது பதினொன்று இருந்தது. முதல் இரண்டு அம்மா.'

அம்மா அவளுக்கும் அடித்திருக்கிறாள். எனக்கு முன்னாலேயே. அவள் எடுக்காததால்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். பத்து வருடமாக இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அத்தானிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டாள். நான் ஒன்பதை வச்சுக்கிட்டு ஒரு நாவலே எழுதிட்டேன், அவ அந்த ரெண்டை வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டு எனக்குச் சோறு போட்டிருக்கா.

கீழே 'இது புத்தகத்தில் வரக் கூடாது' என்ற வரியை அடித்திருந்தாள். நீக்குக. அதற்கு மேல் வரி, 'அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை'. அதையும் அடித்திருந்தாள். இங்கே மட்டும் கோடு இரண்டு தடவை போட்டதுபோல் கனத்திருந்தது. ஆனால் அதன் அடியில், சொல் சொல்லாக, வரிசையாகப் புள்ளிகள்.

ஓரத்தில்: 'இருக்கட்டும்.'

டாக்டரம்மா வந்து கண்ணாடியைத் தட்டும் வரை அழுதுகொண்டிருந்தேன். அவர் ஏறி உட்கார்ந்து தானே சாவியைத் திருகி, மெதுவாக வண்டியை எடுத்தார். இன்று ஒரு தடவைகூட இன்ஜின் நிற்கவில்லை.

மார்ச் 27, வெள்ளி

வடிவமைப்பவரிடம் சுத்தமான கோப்பைப் பென்டிரைவில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், அக்காவின் எல்லாத் திருத்தங்களோடும். 212-ஐ மட்டும் அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுதினேன். அடைப்புகள் போனபின்னும் அந்தப் பக்கம் 212 ஆகவே வரும்படி எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கச் சொன்னேன். கதையில் இப்போது பதினொரு அழைப்பு. தம்பி 'மன்னிக்கவில்லை' என்று சொல்கிறான், அடைப்பு இல்லாமல். அடுத்த பத்தியில், பக்கத்து வீட்டு நம்பர் தன்னிடம் இருந்ததையும் சொல்கிறான்.

"இது ஃபைனல்தான சார்?" என்றார். ஆமாம் என்றேன். எதிரிலேயே நின்று அச்சுக்கு அனுப்புவதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.

மே 2, சனி

புத்தகக் கட்டுகள் வந்து இறங்கின. அக்காவுக்கு ஒரு பிரதியை நேராக அனுப்பச் சொல்லியிருந்தேன். கூடத்தில் நடக்க வழி இல்லை. மேலே இருந்ததை உருவி 212-ஐத்தான் முதலில் பார்த்தேன். சரியாக இருந்தது. அதற்கடுத்த பக்கத்தில், நான் கடைசியில் சேர்த்த அந்தப் பத்தியில், ஒரு வார்த்தை இரண்டு தடவை விழுந்திருக்கிறது. அவள் பார்க்காமல் போன ஒரே பத்தி.

அக்காவுக்கு அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"213தான?" என்றாள். "பாத்துட்டேன். அடுத்த பதிப்புல சரி பண்ணிக்கலாம். ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரும் சாப்பிட வாங்க."