அடுப்படிச் சுவருக்குக் கடல் கலர்

புதுப்பாளையம், கடலூர்
ஆடி 19, திங்கட்கிழமை

அன்பு மகள் சந்திரலேகாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். நீயும் சுகம் என்று சனிக்கிழமை போனில் சொன்னாய், ஆனால் மூக்கடைத்த குரலில் சொன்னதால் பாதிதான் நம்பினேன், ஆவி பிடி, ஃபேனுக்கு நேர் கீழே படுக்காதே. போன் இருக்கும்போது இந்த ஆள் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று உன் ரூம் பெண்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், உன்னை குஜராத் மோர்பியில் கொண்டுவந்து விட்டபோது உங்கள் கம்பெனி கேட்டில் என்னை உன் அண்ணனா என்று கேட்டவர்கள்தானே. உறைக்குள் இரண்டு அட்டைகள் இருக்கின்றன, இரண்டிலும் நானே இரண்டு கோட் பெயின்ட் அடித்துக் காயவைத்தேன். போட்டோ எடுத்து அனுப்பினால் என் போனில் ஒரு கலர், உன் போனில் ஒரு கலர், உன் அம்மா போனில் எல்லாமே மஞ்சள். நாள் முழுக்க டைல்ஸ் கலர் செக் பண்ணுகிற உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பகலில் ஜன்னலோரம் வைத்துப் பார், டியூப்லைட்டில் பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்லாதே.

சிதம்பரத்தில் நாம் கட்டுகிற வீடு முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டது. நீ அங்கிருந்து அனுப்பிய வெள்ளை டைல்ஸை அடுப்படியில் நாலடி உயரத்துக்கு ஒட்டியாயிற்று, ஒன்றே ஒன்றுதான் உடைந்தது. அதற்கு மேலே பெயின்ட். எந்தக் கம்பெனி பெயின்ட் என்பதில்தான் முதல் சண்டை. பெயின்டர் பொன்னுரங்கம் ஒரே கம்பெனியைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஏன் என்றால் 'அது நின்னு பேசும் சார்' என்பதற்கு மேல் காரணம் இல்லை. பக்கெட்டுக்குள் பெயின்டருக்கு ஒரு டோக்கன் போட்டிருக்கிறான், சேர்த்துக் கொடுத்தால் மிக்சி தருகிறான், அதுதான் உங்கள் காரணம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. 'மிக்சி வாங்கியாச்சி சார், இப்ப கிரைண்டருக்குப் போய்க்கினு இருக்கேன்' என்றார். அவர் சொன்னதையும் சேர்த்து மூன்று கம்பெனியின் சின்ன டப்பா வாங்கி, ஸ்டோர் ரூம் சுவரில் மூன்று கட்டம் அடித்துக் காயவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் குழைத்த எண்ணெயும் முந்தின நாள் மீன் குழம்பும் தடவி இரண்டு நாள் விட்டேன். 'சார், கொழம்ப சோத்துல ஊத்துவாங்க, செவுத்துல ஊத்துறத இப்பதான் பாக்குறேன்' என்றார் பொன்னுரங்கம். தாளிக்கும்போது சுவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டா தெறிக்கும் என்றேன். பிறகு ஈர ஸ்பாஞ்சால் எண்ணி நூறு தடவை தேய்த்தேன். ஒன்றில் மஞ்சள் கறை அப்படியே தங்கிவிட்டது, ஒன்றில் கறையோடு பெயின்டும் கையோடு வந்துவிட்டது, மூன்றாவதில் கறை போய் மினுக்கம் மட்டும் நின்றது. அந்த மூன்றாவது பொன்னுரங்கம் சொன்ன கம்பெனியேதான். அன்று முழுக்க அவர் விசிலடித்துக்கொண்டே வேலை செய்தார்.

கம்பெனியில் இவ்வளவு உஷாராக இருந்தவன் கலரில் கோட்டை விட்டேன். கடலூர்க் கடையில் நின்றபடி உன் அம்மாவுக்குப் போன் போட்டு என்ன கலர் என்று கேட்டேன், கலக்குகிற மெஷின் காத்திருந்தது, பின்னால் நாலு பேர் நின்றார்கள். 'கடல் கலர்' என்றாள். நெல்லிக்குப்பத்துக் கரும்புக் கொல்லையில் வளர்ந்தவனுக்குக் கடல் என்றால் நீலம், இதில் கேட்க என்ன இருக்கிறது, நல்ல பளிச்சென்ற நீலமாகப் பார்த்துப் பத்து லிட்டர் கலக்கிவிட்டேன். அவள் ஒரு வேலையாகப் பிறந்த ஊர் கிள்ளைக்குப் போயிருந்த இரண்டு நாளில் சுவரும் முடிந்துவிட்டது. திரும்பி வந்தவள் அடுப்படி வாசலில் நின்றாள், உள்ளே கால் வைக்கவில்லை. 'நல்லாருக்கு' என்றாள். அந்த 'நல்லாருக்கு' எப்படியிருக்கும் என்று உனக்கே தெரியும், உன் பத்தாம் வகுப்புக் கணக்கு மார்க்குக்கு வந்தது அதுதான். கொஞ்ச நேரம் கழித்து, குடி வருகிற அன்றைக்குப் 'பால ஹால்லயே காச்சிக்கலாம், காத்து நல்லா வருது' என்றாள். புது வீட்டில் அடுப்படியை விட்டுவிட்டு ஹாலில் யாராவது பால் காய்ச்சுவார்களா? அது தன்னுடைய அடுப்படி இல்லை என்று சொல்கிறாள், எனக்கு அப்போதே உறைத்துவிட்டது.

மறுநாள் உன் மாமன் சிலம்பரசன் இறால் கொண்டுவந்தான். வந்தவன் சுவரைப் பார்த்துவிட்டு, 'இன்னா மச்சான், இது எந்த ஊரு கடலு? காலண்டர் கடலா?' என்று கேட்டான். உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், இரண்டு நாளில் முதல் சிரிப்பு. எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. இருபது வருடமாகக் கடலூரில் இருக்கிறேன், கடல் என்ன நிறம் என்று எனக்குத் தெரியாதா என்றேன். 'பீச்சுல குந்திக்கினு சுண்டல் துன்னுட்டு வந்தா கடலப் பாத்ததாயிடுமா? எங்க ஊரு கடல நீங்க எப்பப் பாத்தீங்க?' என்றாள். சரி, வா, காட்டு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையிலிருந்து ஷேட் கார்டுக் கட்டை வாங்கிக்கொண்டு மூவரும் கிள்ளைக்குப் போனோம், சிலம்பரசன் தன் படகில் முகத்துவாரம் வரை கூட்டிப்போனான். ஆடிக் காற்று உனக்குத் தெரியும். ஒரு கையில் படகின் விளிம்பு, ஒரு கையில் ஆயிரத்துச் சொச்சம் கலர் உள்ள கட்டு, தண்ணீர்ப் பக்கம் பிடித்தால் ஒரு நிறம், வெயில் ஏறினால் வேறு நிறம், மேகம் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. பக்கத்துப் படகுக்காரன் ஒருவன், 'டே சிலம்பு, ஒன் மச்சான் கடலுக்கு வெள்ளையடிக்கப் போறாராடா?' என்று கத்தினான். அளக்க முடியாத ஒன்றை அளக்கச் சொல்கிறாயே என்று நான் கத்திக்கொண்டிருந்தபோது, உன் அம்மா கார்டுக் கட்டை என் கையிலிருந்து வாங்கி, சுரபுன்னைக் காட்டுத் தண்ணீர் கடல் தண்ணீரோடு கலக்கிற இடத்தைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து ஓரிடத்தில் கட்டைவிரலை வைத்து நிறுத்தினாள். 'இதான்' என்றாள். பச்சையும் இல்லை, சாம்பலும் இல்லை, சேற்று நிறமும் இல்லை, மூன்றும் கொஞ்சம் கொஞ்சம். பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கிறதே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். 'இருக்கட்டும். பொறந்ததுலேர்ந்து இதப் பாத்துதான் வளந்தேன்' என்றாள்.

திரும்பும்போது மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். கல்யாணமாகி இருபத்தொரு வருடம். முதலில் நெல்லிக்குப்பத்து வீடு, அங்கே என் அப்பா அடித்த சுண்ணாம்பு. பிறகு நாலு வாடகை வீடு, வீட்டுக்காரன் அடித்ததே கலர். இத்தனை வருடத்தில் அவள் நின்று சமைத்த சுவர் எதற்கும் அவளிடம் யாரும் கலர் கேட்டதில்லை, நானும்தான். முதல் தடவையாகக் கேட்டவன், பதிலைக் காதில் வாங்காமல் போனை வைத்துவிட்டேன்.

அதே கம்பெனியில் அவள் சொன்ன நம்பரை அன்று சாயங்காலமே கலக்கச் சொன்னேன், சாம்பல் பச்சை அட்டை அதுதான். அதற்கு உன் ஓட்டு தேவையில்லை, பார்த்துவைத்துக்கொள், அவ்வளவுதான். நீல அட்டைதான் உனக்கு. கலக்கிய பெயின்டைக் கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான், பாதிப் பக்கெட் மீதி கிடக்கிறது, உன் அறைக்கு அடிக்கலாமா என்று கேட்கிறேன். கேட்காமல் அடிக்க மாட்டேன். பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்று எழுது, மழுப்பாதே, பாத்ரூமுக்கு அடித்துவிட்டுப் போகிறேன்.

நீலத்தின் மேல் ஒரு பிரைமர், அதற்கு மேல் இரண்டு கோட். சனிக்கிழமை மத்தியானம் முடிந்தது. உன் அம்மாவைக் கூட்டிப்போனேன். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை, நேராக உள்ளே போனாள். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. குழாயைத் திறந்து பார்த்தாள், அடுப்பை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் தள்ளச் சொன்னாள், மீன் சட்டி வைக்கிற தட்டு தாழ்வாக இருக்கிறது என்று என்னைத் திட்டினாள், அது உண்மை, இரண்டு இஞ்ச் தாழ்வுதான். பால் எங்கே காய்ச்சலாம் என்று மெதுவாகக் கேட்டேன். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். 'அடுப்படின்னு ஒண்ணு எதுக்கு கட்டிக்கீது?' என்றாள். பொன்னுரங்கம் ஏணியிலிருந்தபடி, 'ரைட்டு சார்!' என்றார்.

ஆவணி முதல் வெள்ளி குடி போகிறோம். முன்னாடி நாளே வந்து இறங்குகிற மாதிரி லீவு கேள், கடைசி நேரத்தில் சூப்பர்வைசர் விடவில்லை என்ற கதை வேண்டாம், இன்றே எழுதிக் கொடு. ரயிலில் வெளிச் சாப்பாடு வாங்காதே. கை கால் சுகத்தோடும் தெம்போடும் இரு, தேவநாத சுவாமி உன் கூடவே இருக்கட்டும், அம்மாவின் முத்தம் இதில் சேர்த்தி. பால் பொங்கும்போது அடுப்புக்குப் பக்கத்தில் நீ நிற்க வேண்டும் என்று அவள் சொல்லச் சொன்னாள்.

ஆசிகளுடன் உன் அப்பா,
சிவசங்கர்