பக்கவாட்டில் வந்த விரல்

பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேர்ந்துவிடத் துடிக்கும் என் அம்மாவுக்கு,

நான் பாஸாகிவிட்டேன். இரண்டு வருடப் படிப்பு முடிந்து, கண் மருத்துவ உதவியாளர் என்ற சர்டிபிகேட் கைக்கு வந்துவிட்டது. அப்பா அதற்குச் சட்டம் போட்டு உன் போட்டோவுக்குக் கீழே மாட்டியிருக்கிறார். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்திருக்கிறது. நீ இருந்திருந்தால் மில் பூராவும் சொல்லித் தீர்த்திருப்பாய். எனக்குத்தான் சந்தோஷப்பட முடியவில்லை.

படிக்கும்போது எந்த மெஷினாக இருந்தாலும் நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் நாங்களேதான் ஒருவருக்கொருவர் நோயாளி. என் ஜோடி கலைவாணி, ஆனைமலைக்காரி, வாய் ஓயாதவள். படிப்பு முடியப்போகும் சமயத்தில் பக்கப் பார்வையைச் சோதிக்கும் மெஷினில் என்னை உட்கார வைத்தாள். வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருக்கும். அதற்குள் நேராகப் பார்த்துக்கொண்டே, ஓரத்தில் எங்கே பொட்டு வெளிச்சம் வந்தாலும் பொத்தானை அமுக்க வேண்டும்.

"ஏன்டி, தூங்கிப்போட்டியா? அமுக்குடி."

"வெளிச்சம் வந்தாத்தானே அமுக்கறது?"

முடிவில் வந்த தாளில் நடுவே கொஞ்சம் வெள்ளை, சுற்றிலும் கறுப்பு. "மெஷின் கெட்டுப்போச்சுங்க மேடம்" என்று கலை ஓடினாள். மேடம் வந்து கலையையே உட்கார வைத்துப் பார்த்தார். அவள் தாள் வெள்ளையாக வந்தது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். மேடம் சிரிக்கவில்லை.

சொட்டு மருந்து விட்டு டாக்டர் பார்த்தார். கண்ணுக்குள் விழித்திரை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டே வருகிற நோயாம், பரம்பரையாக வருவதாம். முதலில் இருட்டில் தெரியாது, அப்புறம் பக்கம் தெரியாது, அப்புறம் நடுவும் போகலாம். மருந்து இல்லை. "ஊட்டுல வேற யாருக்காச்சும் பொழுது உழுந்தா கண்ணு தெரியாதாம்மா?" என்று கேட்டார்.

நீ தின்று தீர்த்த பப்பாளியையும் முருங்கைக் கீரையையும் சொன்னேன். வெறும் மாலைக்கண் என்றுதானே நாம் நினைத்திருந்தோம். கல்யாண மண்டபத்தில் எல்லார் காலையும் மிதிப்பாய். பக்கத்தில் நின்று கும்பிட்டவர்களைக் கவனிக்காமல் போய், தலைக்கனம் பிடித்தவள் என்று பேர் வாங்கினாய். "கண்ணு என்ன பொடனீலயா இருக்குது?" என்று அப்பா கேட்காத நாள் உண்டா?

பெரியநாயக்கன்பாளையத்தில் மில் விட்டு நீ வந்த அந்தச் சாயங்காலமும் வண்டி பக்கவாட்டில்தான் வந்தது. பார்க்காமல் ரோட்டைத் தாண்டிவிட்டாள் என்று ஊரே சொன்னது. அப்பாவும் அதையே சொல்லிச் சொல்லி, செத்துப்போன உன்மேல் கோபமாகவே இருந்தார். டாக்டர் சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"அப்ப அவ பாத்துப்போட்டுத்தான் தாண்டுனாளா?"

"பாத்துத்தானுங்கப்பா தாண்டுச்சு. அம்மாவுக்குத் தெரியலீங்க."

உன் காரியத்தன்றுகூட அவர் இப்படி அழவில்லை, அம்மா.

தங்கையையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார் டாக்டர். எனக்குக் கால் வரவில்லை. நம் பாப்பா இப்போது ஒன்பதாவது படிக்கிறாள், டியூஷனுக்குச் சைக்கிளில் போகிறாள். போன வாரம் இருட்டுகிற நேரத்தில், ஓரமாக நின்றிருந்த ஆட்டோவில் மோதி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். அப்பா அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

நேற்று நல்ல வெயிலில் வாசலில் அவளை எனக்கு எதிரே உட்கார வைத்தேன். மெஷின் இல்லாமலே செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது. ஆளுக்கொரு கண்ணைப் பொத்திக்கொண்டு, ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்க வேண்டும். நான் கையைப் பக்கவாட்டில் நீட்டி, விரலை ஆட்டிக்கொண்டே மெல்ல நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விரல் தெரிந்தால் அவள் கண்ணில் குறை இல்லை. சோதிக்கிறவருக்கு நல்ல கண் இருந்தால்தான் இந்தக் கணக்கு. அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அவளுக்கு விளக்கினேன்.

"விரல் தெரிஞ்சதும் சொல்லு பாப்பா."

"நீ இன்னும் கையையே தூக்கலியாக்கா?"

தூக்கிய கை எனக்கு வலிக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் உள்ளே கொண்டுவந்தேன். எனக்கும் தெரியவில்லை. கிட்டத்தட்ட முகத்துக்கு நேரே வந்தபோதுதான் என் விரலை நானே பார்த்தேன்.

"இப்பத் தெரியுதுக்கா!" என்றாள்.

அதே நேரத்தில், அம்மா. கொஞ்சம்கூட முன்பின் இல்லை.

"உனக்கும் இப்பத்தானே தெரிஞ்சுது? அப்ப நானும் பாஸு!" என்று குதித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்த வேகத்தில் பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குடத்தை இடித்துக் கவிழ்த்தாள்.

உனக்கு என்ன நோய் என்று யாரும் உன்னிடம் சொல்லவில்லை. இவளுக்கு நான் சொல்லிவிடுவேன். நாளைக்கே என்னோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். எனக்குப் பார்வை இருக்கிற மட்டும் ரோட்டில் அவள் கையை விடமாட்டேன், இது சத்தியம். அதற்கப்புறம் எங்களில் யார் கையை யார் பிடிப்பது என்றுதான் தெரியவில்லை.

உன் கண்ணை வாங்கிப் பிறந்த மூத்தவள்,
சுமதி