வேங்கிக்கால் வீட்டுக்கு ஒரு ரிசீவர்

12 ஜூன் 2005, ஞாயிறு

இன்றும் அதே கதை. "என்னங்க, தோசை ஆறுது" என்று கத்தாத குறையாகக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. வழவழப்பான விளம்பரத் தாள்களில் மூழ்கியிருந்தார். ரிசீவர் வாங்கப் போகிறாராம். டிவி, டிவிடி எல்லாவற்றின் சத்தத்தையும் வாங்கி, அறையைச் சுற்றி வைத்த ஐந்து ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. சினிமாவில் மழை பெய்தால் நம் முதுகுக்குப் பின்னாலும் பெய்யுமாம். சொல்லும்போதே முகம் மலர்கிறது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட இவ்வளவு மலரவில்லை.

ஒரு வருஷமாகவே நான் பேசுவதில் பாதி அவருக்கு எட்டுவதில்லை. என் மேல் இருந்த ஆசை தீர்ந்துபோச்சா? எழுதவே கூச்சமாக இருக்கிறது. இங்கே எழுதாமல் வேறெங்கே எழுதுவேன்.

19 ஜூன்

கோபம் இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மின்வாரிய ஆபீசில் கோப்பு பார்க்கிற மனிதர், ஆனால் இவர் காதுக்கு இந்த ஊரில் தனி மரியாதை. டேப் ரெக்கார்டரோ மைக் செட்டோ வாங்கப் போகிறவர்களிடம் "புகழேந்தி சாரைக் கூட்டிட்டுப் போங்க" என்பார்கள். கண்ணை மூடி ஒரு பாட்டு கேட்பார். "இது வேணாம், தபேலா தகர டப்பா மாதிரி கேக்குது" என்பார். அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். பக்கத்தில் நிற்கும் எனக்குப் பெருமை தாங்காது.

அப்படிப்பட்டவர் சொந்த வீட்டுக்கு வாங்கும்போது மட்டும் எதற்கு இத்தனை காகிதம் படிக்கிறார்?

26 ஜூன்

ரிசீவர். ரிசீவர். ரிசீவர். ரசத்துக்கு உப்புப் போட மறந்தேன், அவர் கவனிக்கவில்லை.

3 ஜூலை, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் புதுப்பொருள் வாங்குவதில்லை. அதனால் இன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்று தேரடி வீதியில் சடையன் கடைக்கு இழுத்துப் போனேன்.

ரொம்ப உசத்தியும் வேண்டாம், மட்டமும் வேண்டாம் என்று நடுவிலையில் மூன்றை எடுத்து வைத்தார் சடையன். ஒன்றில் கல்யாண வீடு போல நீல விளக்குகள், ஆயிரம் வாட்ஸ் என்று பெரிய எழுத்து. இவர் அதைச் சீந்தவே இல்லை. மூன்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார், காய்கறிக் கடையில் பூசணி பார்ப்பது போல. விளக்கே இல்லாத கறுப்புப் பெட்டியைத் தூக்கியதும் மூச்சு வாங்கியது. "இதான். உள்ள டிரான்ஸ்ஃபார்மர் பெருசு. அஞ்சு ஸ்பீக்கரும் ஒண்ணா கத்தினாலும் இது திணறாது. அந்த ஆயிரம் வாட்ஸெல்லாம் காகிதத்துலதான்."

சடையன் அசந்துவிட்டார். நானும்தான். என்ன மனுஷன்!

"ஒரு தடவ கேட்டுப் பாத்துடுங்கண்ணே," என்றார் சடையன்.

"கேக்க என்ன இருக்கு? பேக் பண்ணு," என்றார் இவர்.

கேட்காமல் இவர் ஒரு பொருள் வாங்கி நான் பார்த்ததில்லை.

10 ஜூலை, ஞாயிறு

எப்படி எழுதுவது?

காலையில் பெட்டிக்குப் பின்னால் குனிந்து நின்று எல்லா ஒயரையும் அவரே மாட்டினார். எங்கள் பெண் இனியா டியூஷனுக்குப் போயிருந்தாள். ரிமோட்டில் ஒரு பொத்தான். அழுத்தினால் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் ஸ்பீக்கர் ஸ்பீக்கராகப் போய் அறையைச் சுற்றிவரும். முன்னால் இடது, நடு, வலது, அப்புறம் பின்னால். கோயில் பிராகாரம் போல வலமாக வர வேண்டுமாம். ஆனால் அது வலதில் தொடங்கி எதிர்ப்பக்கமாகச் சுற்றியது.

"என்னங்க, அப்பிரதட்சணமா சுத்துது. ஒயரை மாத்தி மாட்டிட்டீங்க."

"சரியாத்தான் சுத்துது."

"கேளுங்க. இப்ப வலது பக்கம்தானே வருது?"

"இல்ல, இடது" என்று கை காட்டினார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் விளையாட்டு இல்லை. பெட்டியை நிறுத்திவிட்டு அவர் வலது பக்கம், பின்னால் நின்று மெல்லக் கூப்பிட்டேன். அசையவில்லை. இடது பக்கம் போய் அதே குரலில் கூப்பிட்டேன். திரும்பினார். என் முகத்தைப் பார்த்ததுமே தலை குனிந்துகொண்டார்.

போன வருஷம் காய்ச்சலில் படுத்தாரே, அதோடு வலது காது போய்விட்டதாம். சுத்தமாக. ஒரு காது மட்டும் இருந்தால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே தெரியாதாம்.

"ஊர்ல எல்லாம் என் காதை நம்பி வாங்குறாங்க மணி. அதுல ஒண்ணு இல்லன்னு எப்படிச் சொல்றது?"

ஐயோ. ஒரு வருஷமா இந்த மனுஷனோட வலது பக்கமே உக்காந்து, வலது பக்கமே படுத்து, பேசிப் பேசி, பதில் வரலைன்னு அழுதிருக்கேனே. என் மேல ஆசை போச்சுன்னு நினைச்சேனே!

11 ஜூலை

எங்கிட்ட சொல்லக் கூடாதா? நான் என்ன சடையன் கடை வாடிக்கையாளரா? காலையிலிருந்து பேசவில்லை. இடது பக்கம் நின்று, பேசாமல் இருந்தேன். அப்போதாவது உறைக்கட்டும்.

16 ஜூலை

வேலூரில் காது டாக்டர். அந்தக் காது இனி வராது. இடது காது நன்றாக இருக்கிறது, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குப் பிடிக்கும். இன்று விட்டுக்கொடுத்து அவரை அங்கே உட்கார வைத்து, இந்தப் பக்கம் நான் உட்கார்ந்தேன். அப்புறம்தான் புரிந்தது, மறுபடியும் அவருக்கு வலது பக்கம், தப்பான பக்கம். எழுந்து மாறினோம். நடத்துனர் முறைத்தார். நாங்கள் சிரித்துவிட்டோம்.

24 ஜூலை, ஞாயிறு

அவர் சொல்லச் சொல்ல, ஒயரை நானே மாற்றி மாட்டினேன். எந்த ஸ்பீக்கர் தூக்கலாக இருக்கிறது, எது கம்மி என்று நானும் இனியாவும் சொல்ல, அவர் ரிமோட்டில் சரி செய்தார்.

"எல்லாத்தையும் உங்க இடது பக்கம் திருப்பி வச்சிக்கலாமே" என்றேன்.

"எனக்காக மாத்துனா உங்க ரெண்டு பேருக்கும் கெட்டுப்போயிடும்" என்று நடு இருக்கையை எனக்குக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்.

படத்தில் மழை வந்தது. என் முதுகுக்குப் பின்னால் நிஜமாகவே பெய்தது. சிலிர்த்துவிட்டது.

"பின்னாடி பெய்யுதா?" என்றார்.

"பெய்யுதுங்க."

"வலது பக்கமும்?"

"வலது பக்கமும்."

அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. நான் அழுததை இனியா பார்த்துவிட்டாள்.

7 ஆகஸ்ட்

ஆபீஸ் நண்பர் ராமன், ரேடியோ வாங்க இவரைக் கூட்டிப்போக வந்தார். இவர் கூடத்தில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "எனக்கு ஒரு காது போயிடுச்சு ராமா. பொட்டியைத் தூக்கிப் பாக்க நான் வரேன். கேட்டுச் சொல்றதுக்கு மணி வருவா."

ராமன் என்னைப் பார்த்தார். நான் செருப்பை மாட்டினேன்.

19 ஆகஸ்ட், வெள்ளி

பௌர்ணமி. கிரிவலம் போனோம். கூட்டம் நெரிந்தது. வழக்கம்போல நான் அவருக்கு வலது பக்கம், மலையை ஒட்டி நடந்தேன். என் கையைப் பிடித்து இழுத்து இடது பக்கம் கொண்டுவந்தார்.

"அந்தக் காது மலைப் பக்கமே இருக்கட்டும். மலை ஒண்ணும் எங்கிட்ட பேசப் போறதில்ல. நீ இங்க வந்து பேசு."

பேசினேன். அடி அண்ணாமலை தாண்டியும் நிறுத்தவில்லை. பாவம் மனிதர், ஒன்று விடாமல் பதில் சொன்னார்.