ஒன்பது வயதில் மடக்காத முழங்கால்

நேற்று வேலூரில் மூட்டுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் என்னை உயரமான கட்டிலில் உட்கார வைத்தாள். காரமான வாடை அடிக்கும் தைலத்தைத் தடவி, "ஆயா, மெதுவா மடக்குங்க பாக்கலாம்" என்றாள். நான் உனக்கு ஆயா இல்லை என்றேன். "சரிங்க மேடம், மடக்குங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று கேட்டாள். சொல்லவில்லை. முழங்காலை மடக்குவது பற்றி நான் பேசக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான், சிஸ்டர். உங்களை எங்கள் ஆரணி மண்ணில் புதைத்து முப்பத்தைந்து வருஷம் ஆகப்போகிறது.

நாம் முதலில் பார்த்துக்கொண்டதே ஒரு முழங்காலால்தான். எழுபதுகளின் தொடக்கம். குடல்வால் அறுவைக்காக என் கணவர் மிஷன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அந்த வார்டுக்கு நீங்கள் சிஸ்டர். நான் கான்வென்டில் படித்தவள். பெரியவர்கள் யார் வந்தாலும் வலது காலைப் பின்னுக்கு இழுத்து, பாவாடையை இரண்டு விரலால் பிடித்து, முழங்காலை மடக்கி வணக்கம் சொல்ல எங்களைப் பழக்கியிருந்தார்கள். வகுப்பில் என்னைப் போல அழகாக மடக்க யாராலும் முடியாது. நீங்கள் உள்ளே வந்ததும் கட்டியிருந்த பட்டுப்புடவையைப் பிடித்துக்கொண்டு மடக்கி, "குட் மார்னிங், சிஸ்டர்" என்றேன்.

உங்கள் முகம் மிளகாய்ப்பழம் போல ஆயிற்று. "ஏந்திரு! ஜல்தி ஏந்திரு! யாருக்கு இந்த வேல பண்ணிகினு இருக்கே? நான் இன்னா மகாராணியா?"

பக்கத்துக் கட்டில் பெரியவர் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வசமா மாட்டிகினியாம்மா!"

எனக்கு அவமானமாகிவிட்டது. நான் சுத்தமான இங்கிலீஷில் வணக்கம் சொல்கிறேன். ஒரு இங்கிலீஷ்காரி வார்டு பெருக்குகிறவர்களிடம் கற்ற தமிழில் என்னை அதட்டுகிறார். இனி இந்த மனுஷியிடம் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். மறுநாள் காலை நீங்களே வந்தீர்கள். "நேத்து கத்திட்டேன், கான்வென்ட் மேடம். கோச்சிக்காதே. அந்த மடக்குறதப் பாத்தா எனக்கு ஒடம்பு எரியும்." ஏன் எரியும் என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல ஏழு வருஷம் எடுத்துக்கொண்டீர்கள்.

அதற்குள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் காபி குடிப்பது உங்களுக்கு வழக்கமாகியிருந்தது. ரைஸ்மில்லில் நெல் அவிக்கும் வாடை காற்றில் வந்தால் போதும், கண்ணை மூடிக்கொள்வீர்கள். "எங்க வூட்ல பன்னிக்கு உருளக்கெழங்கு வேக வெக்கிற வாசன." இங்கிலாந்தில் உங்கள் கிராமம் அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. பாடப்புத்தகத்தில் நான் படித்த இங்கிலாந்தில் ரோஜாத் தோட்டமும் வெள்ளிக் கரண்டியும் இருந்தன. உங்கள் இங்கிலாந்தில் இரண்டு அறை வீடு, வீட்டுக்கு வெளியே கக்கூஸ், சனிக்கிழமை ஒரே தகரத் தொட்டித் தண்ணீரில் ஐந்து பேர் குளியல். குளிரில் விரல்கள் வீங்கி அரிக்கும். முள்வேலிகளில் கறுப்புப் பழம் பறித்து, நாக்கு ஊதாவாகி, பள்ளிக்கூடத்தில் அடி வாங்குவீர்கள். புல்வெளியில் உங்களைத் துரத்திய வாத்துக்கு நீங்கள் பாதிரியார் பெயரை வைத்திருந்தீர்கள். நான் நம்பவில்லை. வெள்ளைக்காரர்களில் ஏழைகளா என்று கேட்டேன். "பின்ன? ராஜா பக்கத்துல எல்லாருமே படுத்துகினு இருந்தோமா?" என்றீர்கள்.

உங்கள் அப்பா ஊர்ப் பண்ணையாரின் பெரிய வீட்டில் மாட்டுக்காரர். குடியிருந்த வீடும் பெரிய வீட்டுக்குச் சொந்தம். பெரிய வீட்டு எஜமானி அம்மாள் வண்டியில் போகும்போது ஆண்கள் தொப்பியைத் தொட வேண்டும். பெண் பிள்ளைகள் முழங்காலை மடக்க வேண்டும். அதுவரைதான் சொல்லியிருந்தீர்கள்.

எழுபதுகள் முடிவதற்குள் என் கணவர் மாரடைப்பில் போய்விட்டார்.

எங்கள் வீட்டின் முன்கூடம்தான் எங்கள் பட்டுப்புடவைக் கடை. கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களுக்கு ஜமக்காளத்தின் மேல் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு புடவையாகப் பிரித்துக் காட்டுவோம். அவர்கள் தேர்ந்தெடுத்த முகூர்த்தப் புடவையை முழுக்க விரித்து, வெளிச்சத்தில் பிடித்து இழை பார்ப்பவள் நான். குறை இல்லை என்றால் முந்தானை ஓரத்தில் குங்குமம் தொட்டு, மடித்து, என் கையால் கொடுப்பேன். பத்து வருஷம் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கருமாதி முடிந்த மறுவாரம் என் கொழுந்தனார் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்: "அண்ணி, இனிமே நீங்க உள்ள இருங்க. கல்யாண ஜவுளிய நீங்க தொட்டா வர்றவங்க ஒரு மாதிரி நெனைப்பாங்க. எதுக்குப் பேஜாரு?"

உள்ளே போனேன். நான்கு மாதம் திரைக்குப் பின்னால் இருந்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுதுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் திரையை விலக்கிப் பார்த்தீர்கள். "இங்க இன்னா பண்றே?" சொன்னேன். காபி வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்து, அன்றைக்குத்தான் மீதியைச் சொன்னீர்கள்.

உங்கள் அம்மா பழைய தொப்பியில் ஒரு புது நீல ரிப்பன் தைத்துச் சர்ச்சுக்குப் போயிருந்தார். பெரிய வீட்டு அம்மாள் வாசலில் எல்லோர் முன்னாலும் நிறுத்தி, மாட்டுக்காரன் பெண்டாட்டிக்கு இது எதற்கு என்று கேட்டு, அங்கேயே பிய்க்க வைத்தார். மறுநாள் பாதையில் வண்டி வந்தது. உங்களோடு இருந்த பெண்களெல்லாம் மடக்கினார்கள். ஒன்பது வயது நீங்கள் மட்டும் நேராக நின்றீர்கள். வண்டி நின்றது. அந்த அம்மாள் காத்திருந்தார். நீங்கள் அசையவில்லை.

பெரிய வீட்டுக்கு வந்து மடக்கிவிட்டுப் போகட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்று நாள் கெடு, இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். உங்கள் அப்பா கெஞ்சினார். ஒரு நிமிஷம் மடக்கிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்றார். உங்கள் அம்மா அடுப்பைப் பார்த்தபடி ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம். அதை எனக்கு நீங்கள் தமிழில் சொன்னது இப்படி: "நின்னுட்ட இல்ல? நின்னுகினே இரு."

நான்காம் நாள் மழையில் சாமான்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரை விட்டுப் போனீர்கள். அம்மா டவுனில் துணி வெளுக்கும் வேலைக்குப் போனார்.

"அப்புறம் வருத்தப்பட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அப்பா அதுக்கப்புறம் எங்கிட்ட சரியா பேசல. அது வலிக்கும். மடக்காதது வலிக்கல." எழுந்து புடவையை உதறினீர்கள். ஆம், நீங்களும் புடவைதான் கட்டுவீர்கள், மகா மோசமாக. "நான் யாருக்கும் மடக்காத ஆளு இல்ல. தரையில பாய்ல படுத்துகினு இருக்கிறவனுக்குக் கட்டு போட, தினம் அம்பது தபா மடக்குறேன். அது நானா மடக்குறது. நீ உள்ள வந்து குந்திகினு இருக்கியே, இது நீயா குந்துனதா?"

அடுத்த முகூர்த்த நாளுக்கு முன் கண்ணமங்கலத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நான் திரையை விலக்கிக்கொண்டு போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். கொழுந்தனார் கண்ணைக் காட்டினார். நான் பார்க்கவில்லை. அவர்கள் எடுத்து வைத்திருந்த அரக்கு நிறப் புடவையை விரித்துப் பார்த்தேன். புடவையின் உடல் பகுதியில் ஓர் இழை அறுந்திருந்தது. கொழுந்தனார் கண்ணில் அது படவே இல்லை. "இது வேணாங்க, இழை போயிருக்குது. வேற காட்டுறேன்" என்றேன்.

கல்யாணப் பெண்ணின் அத்தை என் நெற்றியைப் பார்த்தார். "புடவைய வுடுங்க. எடுத்துக் குடுக்க வூட்ல ஒரு சுமங்கலி இல்லியா?"

"இருக்காங்க. அவங்களுக்கு இழை பாக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். குடுக்கறதும் நான்தான்."

எழுந்து போய்விட்டார்கள். "திருப்தியா அண்ணி?" என்றார் கொழுந்தனார். திருப்திதான் என்றேன். மறுநாளும் போய் உட்கார்ந்தேன். இன்னும் சிலர் எழுந்து போனார்கள். சிலர் தங்கினார்கள். கொழுந்தனார் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. உங்கள் அப்பாவை அடிக்கடி நினைத்துக்கொண்டேன். வலித்தது. ஆனால் எது வலித்தது, எது வலிக்கவில்லை என்று எனக்கும் தெரிந்திருந்தது.

உங்களிடம் சொன்னபோது, "நின்னியா?" என்று கேட்டீர்கள்.

"இல்ல சிஸ்டர். உக்காந்தேன்."

"அதுவும் அதேதான், மேடம்" என்று சொல்லி மூன்று டம்ளர் காபி குடித்தீர்கள்.

இப்போது கடையைக் கொழுந்தனாரின் மகன் பார்த்துக்கொள்கிறான். நல்லவன்தான். கல்யாண ஜவுளிக்கு வருகிறவர்கள் இன்று என் கையால் வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆனால் போன மாதம் ஜமக்காளத்தில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. இருவர் தூக்கினார்கள். அன்று இரவு சாப்பாட்டின்போது அவன் சொன்னான்: "பெரிம்மா, உள்ள ஏசி போட்ட ரூம்ல சொகமா இருங்க. இனிமே உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?"

அன்று அப்பா கண்ணைப் பார்க்காமல் சொன்னதை இன்று மகன் அன்பாகச் சொல்கிறான். இரண்டும் ஒரே அறைக்குத்தான் போகின்றன.

அதனால்தான் சிஸ்டர், வாரம் இரண்டு தடவை பஸ் ஏறி வேலூருக்குப் போகிறேன். வீட்டில் காலையும் மாலையும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இருபது இருபது தடவை மடக்குகிறேன். பார்த்தால் உங்களுக்கு உடம்பு எரியுமோ என்னவோ. எரிய வேண்டாம். இது நானாக மடக்குவது. வெள்ளிக்கிழமை சந்தவாசலிலிருந்து ஒரு கல்யாணக் குடும்பம் வருகிறது. ஜமக்காளத்தில் என் இடத்தில் உட்கார வேண்டும் என்றால், முழங்கால் மடங்கியாக வேண்டும்.